வரி ஏறியது 55, வாடகை ஏறியது 500: திருப்பூர் வாசகர் கேள்வி-பதில்

சொத்து வரி ஏறிப்போச்சுன்னு எங்க லைன் வீட்டுக்காரர் மாசம் 500 ரூபாய் ஏத்திட்டாருங்க. வரி ஏறினா வாடகை ஏறத்தானே செய்யும்னு பக்கத்து ரூம் அக்காவும் சொல்லுது. நெசமா?
— ஓவர்லாக் டெய்லர், அனுப்பர்பாளையம்

கணக்குப் போட்டுவிடுவோம். 2022 ஏப்ரல் 1 முதல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் வீடுகளுக்கு வரி இப்படி ஏறியது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் லைனில் 160 சதுர அடியில் பன்னிரண்டு ரூம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,920 சதுர அடி. எல்லாம் ஒரே வரி விதிப்பு எண்ணில் இருந்தால் நேராக உச்சப்படி, 100 சதவீதம். அரையாண்டுக்கு 4,000 கட்டியவர் இப்போது 8,000 கட்டுகிறார் என்றால் வருஷத்துக்குக் கூடுதல் 8,000. அதைப் பன்னிரண்டு ரூமுக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரியுங்கள். ரூமுக்கு மாதம் 55 ரூபாய் சொச்சம். மிச்சம் 445 ரூபாயை மாநகராட்சி கேட்கவில்லை. வீட்டுக்காரர்தான் கேட்கிறார், மாநகராட்சியின் பெயரைச் சொல்லி.

அதற்காக மாநகராட்சிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்துவிடாதீர்கள். 1,150 சதுர அடி சொந்த வீட்டில் நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு ஏறியது 50 சதவீதம். 160 சதுர அடியில் நான்கு பேர் படுத்திருக்கும் உங்கள் ரூமுக்கு 100. டேப்பு பிடித்து அளப்பவருக்குச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியும். உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அவர் படிவத்தில் இல்லை.

அப்ப வரி ஏறாம இருந்திருந்தா வாடகையும் ஏறாம இருந்திருக்குமா?
— அதே லைன், பக்கத்து ரூம் அக்கா

2008-இல் ஏற்றியதற்குப் பிறகு 2018 வரை பத்து வருஷம் பொதுவான வரி உயர்வே இல்லை. அந்தப் பத்து வருஷம் உங்கள் வாடகை ஏறாமல் இருந்ததா அக்கா?

கோயம்புத்தூரைவிட நம்ம ஊரில் வரி அதிகம் என்கிறோம். 2024 டிசம்பரில் கடையடைப்பே நடத்தினோம். அதற்கு உங்கள் பதில் என்ன?
— ஜவுளிக் கடைக்காரர், குமரன் ரோடு

கடையை அடைத்தது நியாயம். கோஷத்தில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு மாநகராட்சியும் தெருவை மண்டலமாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருக்கிறது. 2022-இல் அரசு அந்த அடிப்படையைத் திருத்தவில்லை. இருந்ததன் மேல் சதவீதத்தை வைத்தது. கடைகளுக்கு 100, தொழிற்கூடங்களுக்கு 75. பழைய மதிப்பு எந்த ஊரில் உயரமாக இருந்ததோ அங்கே வரியும் உயரமாகப் போனது, எந்தத் தெருவில் தாழ்வாக இருந்ததோ அங்கே இரண்டு மடங்கானாலும் தாழ்வாகவே நின்றது. பழைய அநியாயத்தை இரண்டால் பெருக்கிய கணக்கு அது. "உயர்வை ரத்து செய்" என்று கேட்டால் பழைய அநியாயம் அப்படியே திரும்பி வரும். "தெருவாரியாக மதிப்பைப் புதிதாகப் போடு" என்று கேட்டிருந்தால் பலருக்குக் குறைந்திருக்கும், உங்கள் சங்கத்திலேயே சிலருக்கு ஏறியிருக்கும். அதனால்தான் அந்தக் கோஷம் எழவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே சமயத்தில் வந்து விழுந்த 18 சதவீத வாடகை ஜிஎஸ்டி வேறு கதை. 2024 அக்டோபர் 10 முதல், கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதியாதவராக இருந்து, நீங்கள் பதிந்தவராக இருந்தால், வாடகைக்கான வரியை நீங்களே கட்ட வேண்டும் என்றார்கள். டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் காம்போசிஷன் கணக்கு வைத்திருக்கும் சின்னக் கடைகளை மட்டும் விலக்கினார்கள். அதில் மாநகராட்சிக்குச் சம்பந்தமில்லை. ஆனால் திட்டு அவர்களுக்கும் சேர்த்தே விழுந்தது.

பல்லடம் ரோட்டுப் பக்கம் பத்து சென்ட் சைட் வாங்கிப் போட்டு வருஷமாச்சு. ஒரு செங்கல்கூட வைக்கலை. அதுக்குக் காலியிட வரி கட்டுன்னா என்ன நியாயமுங்க?
— எக்ஸ்போர்ட்டர் (பெயர் வேண்டாம் என்கிறார்)

பெயர் வேண்டாம், சரி. உங்கள் சைட்டுக்கு முன்னால் தார் ரோடு போட்டது நீங்களா? தெருவிளக்கு? பக்கத்தில் கம்பெனி வந்தது, பஸ் ஸ்டாப் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. செங்கல் வைக்காமலே சென்ட் விலை ஏறியது. ஏற்றியது ஊர், வாங்கிக்கொள்ளப் போவது நீங்கள். ஏறியதில் ஒரு சின்னப் பங்கை ஊர் கேட்பதுதான் காலியிட வரி. அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் என்பவர் 1879-இலேயே இதைப் புத்தகமாக எழுதினார். கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டடம் குறையும், நிலத்துக்கு வரி போட்டால் நிலம் குறையாது, அது எங்கே ஓடிவிடும் என்பதுதான் அவர் வாதம்.

நம்ம ஊர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. சொத்து வரி என்பது கட்டடத்துக்கு என்ன வாடகை வரும் என்ற மதிப்பின் மேல் போடுவது. மாடி கட்டினால் ஏறும், ரூம் சேர்த்தால் ஏறும், கக்கூஸ் கட்டினால் அதுவும் சதுர அடியில் சேரும். கல்லை நட்டு வேலிக்காத்தானை வளர்த்தால்? சட்டப்படி காலியிட வரி உண்டு, அதுவும் சதுர அடிக்குச் சில்லறைக் கணக்கில். பெரும்பாலான பேர் அதைக் கட்டுவது எப்போது தெரியுமா? வீடு கட்ட பிளான் அப்ரூவலுக்குப் போகும் நாளில். "பழைய பாக்கியைக் கட்டிவிட்டு வாங்க" என்பார்கள். அதாவது சும்மா போட்டிருந்த வரைக்கும் யாரும் தேடி வரவில்லை. கட்டலாம் என்று மனசு வந்த அன்று பில் வருகிறது.

இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் பனியனில் சம்பாதித்த லாபம் எங்கே போகும்? லைன் வீடு கட்டினால் வரி, ரிப்பேர், வாடகை பாக்கி, குழாய்த் தகராறு. சைட் வாங்கிப் போட்டால் தகராறே இல்லை. நீங்கள் புத்திசாலி. உங்களைப் போல ஊரில் நூறு புத்திசாலிகள் இருப்பதால்தான் தொழிலாளி குடியிருக்க வேண்டிய இடம் நடுவிலே காலியாகக் கிடக்க, அவர் அதைத் தாண்டி ஊத்துக்குளி பக்கம் குடியிருக்கிறார்.

ஏனுங்க, வரி கட்டினா எங்களுக்கு என்னதான் கிடைக்குது?
— குடும்பத் தலைவி, போயம்பாளையம்

ரசீது. அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும், 5,000 ரூபாய் வரை. அந்த உச்சவரம்பைத் தொடும் அளவுக்கு உங்கள் வரி இருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், உங்கள் ஆடிட்டர் கேட்டிருப்பார்.

சொத்து வரியோடு நூலக வரின்னு ரூபாய்க்குப் பத்துப் பைசா சேர்த்து வாங்கறாங்க. நான் படிக்கறதே இல்லையே!
— செக்கிங் மாஸ்டர், மங்கலம் ரோடு

இந்தப் பக்கத்தை யாரோ வாசித்துக் காட்டுகிறார்கள் போல.

அக்காமார் மூணு பேரு ஒரே கம்பெனி வேனில் வர்றோம். பெருமாநல்லூரைத் தாண்டி உள்ளே வீடு. வாடகை கம்மின்னு அங்க போனோம். இப்ப மிச்சம் ஒண்ணும் காணோமே?
— மூன்று டெய்லர்கள்

வாடகையை மட்டும் பார்த்தால் மிச்சம். வாடகையையும் வழியையும் கூட்டிப் பார்த்தால்தான் வீட்டின் விலை தெரியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுகிறீர்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பீஸ் ரேட் போட்டால் எத்தனை பீஸ் என்று நீங்களே சொல்வீர்கள், என்னைவிட வேகமாக. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் டிக்கெட் இல்லாத பஸ்ஸும் ஒன்பது மணிக்கு உங்கள் ஊருக்குள் வந்தால்தான் பஸ். வேனை ஒரு மாதம் நிறுத்திவிட்டு "பக்கத்தில் குடிவா" என்று கம்பெனி சொன்னால் அடுத்த நாளே வேலையை விட வேண்டியதுதான். வாடகை குறைவு என்பதற்காக ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறீர்கள். அதை எந்த அக்ரிமென்டிலும் எழுதவில்லை.

சம்பளம் சனிக்கிழமை வாரக் கணக்கு, வாடகை மாசக் கணக்கு. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. சரிதானே?
— கட்டிங் மாஸ்டர், ராயபுரம்

வருஷத்துக்கு நாலைந்து முறை. கல்யாணம், சீமந்தமெல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து விழும்.

எங்க ஊராட்சியை மாநகராட்சியோட சேர்க்கக் கூடாதுன்னு கிராம சபையில தீர்மானம் போட்டோம். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். சரிதானே?
— வார்டு உறுப்பினர், மாநகர எல்லையை ஒட்டிய ஊராட்சி

பயம் சரி. 2024-இன் கடைசி நாளில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்க அரசாணை போட்டபோது மாநிலம் முழுக்க இதே இரண்டு காரணத்துக்காகத்தான் ஊர்க்காரர்கள் மறித்தார்கள். நகரமானால் நூறு நாள் வேலை கிடையாது. வரி ஒரே இரவில் பட்டணத்து வரி. தண்ணீர் மட்டும் கிராமத்துத் தண்ணீர்.

ஆனால் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் எட்டு ஊராட்சிகளையும் சேர்த்தபோது, பழைய எல்லையில் 4,44,352 பேர் இருந்த ஊர், புது எல்லையில் 8,77,778 ஆனது. பாதி ஊர் ஏற்கெனவே எல்லைக்கு வெளியே கட்டியாகிவிட்டது, காகிதம்தான் பின்னால் வந்தது. ஏன் வெளியே கட்டினார்கள்? எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டு வரி கொஞ்சம், நிலம் விலை குறைவு, அனுமதி சுலபம். சைட் போடுபவர் கோட்டைத் தாண்டி ஒரு காடு வாங்குவார். "மாநகரத்துக்கு மிக அருகில்" என்று நோட்டீஸ் அடிப்பார். விற்று முடித்ததும் போய்விடுவார். வாங்கியவர் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துப் பத்து வருஷம் கழித்து "எங்களை மாநகராட்சியில் சேருங்கள்" என்று மனுக் கொடுப்பார். சேர்த்ததும், அதற்கு வெளியே இன்னொரு கோடு, அங்கே இன்னொரு காடு.

நீங்கள் கேட்க வேண்டியது இணைப்பு வேண்டாம் என்பதல்ல. குழாயும் சாக்கடையும் வந்த பிறகுதான் பட்டணத்து வரி, அதுவரைக்கும் பழைய வரி என்று எழுதிக் கொடுங்கள் என்பது. தீர்மானத்தில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.

தண்ணிக்கும் ஊர் பரவறதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கே குடியிருந்தாலும் குடிக்கத்தானே செய்யணும்?
— பிளம்பர், வீரபாண்டி

நீங்கள் பிளம்பர், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு கிலோமீட்டர் குழாய் போடுகிறீர்கள். அந்த ஒரு கிலோமீட்டரில் இருநூறு வீடு இருந்தால் செலவு இருநூறாகப் பிரியும். நடுவில் எக்ஸ்போர்ட்டர் சைட்டுகள் காலியாகக் கிடந்து இருபது வீடு மட்டும் இருந்தால் வீட்டுக்குப் பத்து மடங்கு. வரி மட்டும் இரண்டு தெருவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதியை யார் கட்டுவது? நெருக்கமாக வாழ்கிறவர்கள். லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் சைட்டுக்காரர்களுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கிறார்கள். எந்த பட்ஜெட்டிலும் இந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இருக்காது.

தண்ணீருக்கு இந்த ஊர் பட்ட பாடு சின்னதல்ல. 1995-இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்று கம்பெனியே ஆரம்பித்து, பவானிப் பக்கமிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். தனியார் பங்கேற்போடு நாட்டில் வந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டங்களில் அது ஒன்று. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. சாயப்பட்டறைக்காரர் அதிக விலை கொடுப்பார், அதை வைத்து வீடுகளுக்குக் குறைந்த விலையில் தண்ணீர். கொடுக்க முடிந்தவர் கொஞ்சம் அதிகம் கொடுப்பது என்ற அந்தக் கணக்கு தண்ணீரில் புரிந்தது. நிலத்தில் மட்டும் புரியவில்லை.

வடக்கத்திப் பசங்க வந்துதான் வாடகை ஏறிப்போச்சு. ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு, தலைக்கு இவ்வளவுன்னு கொடுத்தா நம்மளால முடியுமா?
— பெரியவர், கொங்கு நகர்

ஐயா, தேனியில் இருந்தும் திண்டுக்கல்லில் இருந்தும் திருநெல்வேலியில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியபோது இதே கொங்கு நகரில் இதே வார்த்தையைச் சொன்னவர்கள் உண்டு. இப்போது அவர்கள் பிள்ளைகள் ஒரிசாப் பையன்களைச் சொல்கிறார்கள். எட்டுப் பேர் ஒரு ரூமில் படுப்பது ஆசைக்கா? ஆள் வேண்டும் என்று கம்பெனி ரயிலேறிப் போய்க் கூட்டி வருகிறது. ரூம் வேண்டும் என்று யாரும் எங்கேயும் போவதில்லை. ஆளைக் கேட்கும் வேகத்தில் ரூம் கட்டியிருந்தால் தலைக்கு இவ்வளவு என்று கேட்கும் தைரியம் எந்த வீட்டுக்காரருக்கும் வந்திருக்காது.

தென்னந்தோப்பும் சோளக்காடும் சைட்டாகிப் போச்சு. விவசாயிகளுக்கு மனசாட்சி இல்லையா?
— கல்லூரி மாணவி, அவிநாசி

நொய்யல் ஆற்றில் கீழே ஒரத்துப்பாளையம் என்று ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டியது. சாயத் தண்ணீரைத் தேக்கிய அணையாகத்தான் அது பேர் வாங்கியது. 2011 ஜனவரி 28-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் பல கிணறுகளில் கலர் தெரிந்தது. கிணறு கெட்ட தோட்டத்தை விற்றவரிடம் மனசாட்சி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் ஏக்கராக வாங்கிச் சென்ட்டாக விற்றவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் யாரும் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுவதில்லை.

அப்ரூவல் இல்லாத சைட் பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?
— பவர்டேபிள் ஓனர், முருகம்பாளையம்

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்றது. அடுத்த வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்கு. நீங்கள் சொல்லும் சைட் அதற்குப் பிறகு முளைத்ததென்றால் மீதிப் பாதி விலையைப் பிற்பாடு தவணையில் கட்டுவீர்கள்: பத்திரப் பதிவு, பேங்க் லோன், பிளான், கரண்ட் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் கொஞ்சம்.

நாலு பவர்டேபிளை முன் ரூமில் போட்டு மிஷின் ஓட்டறேன், பின்னாடி குடியிருக்கேன். அளக்க வந்தவர் கமர்ஷியல்னு எழுதப் பார்க்கறார்.
— அதே ஓனர்

இந்த ஊரே அப்படித்தான் பிறந்தது. முன் ரூமில் மிஷின், பின் ரூமில் அடுப்பு. எந்த அளவு தொழிலோ அந்த அளவுக்கு மட்டும் தொழில் என்று எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். முழு வீட்டையும் அவர் எழுதினால் மேல்முறையீடு செய்யுங்கள். மிஷின் மேல் போர்வையைப் போட்டு மறைக்கும் யோசனை வேண்டாம். சத்தம் காட்டிக்கொடுக்கும்.

ஒன்பது சதவீதம் கட்டிப் பத்திரம் போடணும்னா ஏழை எப்ப வீடு வாங்கறது?
— டெலிவரி சலான் எழுதுபவர், காங்கயம் ரோடு

இந்த வாரத்தின் நல்ல கேள்வி. 2023 ஏப்ரலுக்கு முன் 11 இருந்தது. அந்த ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-இல் இருந்து 2 ஆக்கி, வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கியது. இப்போது முத்திரைத் தீர்வை 5, உள்ளாட்சிக்குப் போகும் கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2. இருபது லட்சத்துக்கு வாங்கினால் 1,80,000 ரூபாய் சாவி கையில் வருவதற்கு முன்பே போகிறது. இந்தப் பணத்துக்குப் பேங்க் லோனும் கிடைக்காது, கந்துவட்டிதான்.

இதை மேலே சொன்ன எக்ஸ்போர்ட்டரோடு சேர்த்துப் பாருங்கள். வாங்கும் நாளில் ஒரேயடியாக 9 சதவீதம். அப்புறம் இருபது வருஷம் சும்மா வைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. யாருக்கு இது வசதி? ஒருமுறை வாங்கி நெடுநாள் வைத்திருப்பவருக்கு. யாருக்கு இடி? வேலை மாறி, கம்பெனி மாறி, பழைய ஒரு ரூம் வீட்டை விற்றுக் கொஞ்சம் பெரிசாக வாங்க நினைப்பவருக்கு. அவர் ஒவ்வொரு முறையும் 9 கட்டுகிறார். பத்திரத்தில் குறைத்து, வைத்திருப்பதில் கொஞ்சம் ஏற்றினால் வருமானம் அரசுக்கு அதேதான். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, செயற்கைக்கோள் படங்களை வைத்து, பெங்களூருவும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக் கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பதில்லை என்றது. நம்ம ஊர்களைச் செயற்கைக்கோளில் பார்த்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. திருப்பூரில் 10 லட்சத்துக்கு வீடு கண்டுபிடித்தவர் அம்மணியாக இருந்தாலும் ஐயாவாக இருந்தாலும் எனக்கு ஒரு கடிதம் போடவும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெண் தொழிலாளர்களுக்கு அரசே கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கே. இங்க ஏன் இல்லை?
— டெய்லர், நெருப்பெரிச்சல்

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டியது, 18,720 பேருக்கு, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே ஒரே பெரிய கம்பெனி, ஒரே பெரிய கையெழுத்து. இங்கே சின்னதும் பெரிசுமாக ஆயிரக்கணக்கான யூனிட். ஒருவர் கட்டினால், தொழிலாளி அதில் படுத்துத் தூங்கி எழுந்து இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுவாளோ என்ற பயம். அதோடு ஹாஸ்டல் என்பது கட்டில். கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் கட்டில் போதாது. அன்றைக்கு அவள் திரும்ப வருவது முதல் கேள்வி கேட்ட டெய்லரின் லைன் வீட்டுக்குத்தான், ரூம் காலியாக இருந்தால்.

பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. சட்டம் மூணு மாசம்னு சொல்லுதாமே?
— புது மாப்பிள்ளை, ஆண்டிபாளையம்

சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் ஒழிய" என்று ஒரு பின்வாசலும் வைத்திருக்கிறது. பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறீர்கள். வாழ்த்துகள், கல்யாணத்துக்கு.

ஊர்க் குப்பையெல்லாம் எங்க ஊர் பாறைக்குழிக்கு வருது. வரியும் கட்டணும், நாத்தமும் எங்களுக்கா?
— இடுவாய் பக்கத்து விவசாயி

கல்லை வெட்டி எடுத்து நகரத்துக்குக் கட்டடமாகக் கொடுத்தீர்கள். இப்போது அந்தக் குழிக்கு நகரம் குப்பையைத் திருப்பிக் கொடுக்கிறது. நீங்கள் கேட்பது சரி. எல்லையோர ஊர் என்றால் நடுவூர் வேண்டாத எல்லாவற்றையும் வைக்கும் இடம் என்று நினைத்துவிட்டார்கள்: குப்பை, சாயம், தொழிலாளி.

நான் ரிட்டையர்டு வாத்தியார். ராயபுரத்தில் அப்பா கட்டிய வீடு. இடத்து விலை கோடிக் கணக்கில் என்கிறார்கள். நிலத்துக்கு வரி போடு என்று நீங்கள் சொன்னால் என் பென்ஷனில் பாதி போய்விடுமே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

சார், என் வாதத்தில் இடிக்கும் ஒரே இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். விலை ஏறியது காகிதத்தில், பென்ஷன் வருவது கையில். 1978-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர்கள் இதற்காகவே ஓட்டுப் போட்டு, மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். பழைய வீட்டுக்காரர் பிழைத்தார். பக்கத்தில் புதிதாக வாங்கியவர் அதே மாதிரி வீட்டுக்குப் பல மடங்கு கட்டுகிறார். வரி ஏறிவிடும் என்று பயந்து பழையவர்கள் பலர் விற்பதே இல்லை. அது வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வயதானவர் குடியிருக்கும் வீட்டுக்கு வரியை ஒத்திவைக்கலாம், விற்கும்போதோ கைமாறும்போதோ சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அப்படி. நீங்கள் குடியிருக்கிறீர்கள். நான் தேடுவது குடியிருக்காதவரை.

நீங்களே மேயரானா முதல் நாள் என்ன செய்வீங்க?
— சிங்கர் டெய்லர், கருவம்பாளையம்

மாலையைக் கழற்றிவிட்டு, அறுபது வார்டிலும் கல் நட்ட சைட் எத்தனை, யார் பெயரில் என்று கணக்கெடுக்கச் சொல்வேன். இது பழைய ஊருக்குள் மட்டும், எல்லையில் இருக்கும் தோட்டத்துக்காரரைத் தொடமாட்டேன். ரோடும் குழாயும் ஏற்கெனவே இருக்கும் தெருவில் ஐந்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தால் வருஷா வருஷம் காலியிட வரி கூடும், அதுவும் வீடு கட்டும் நாள் வரை காத்திராமல் அந்தந்த வருஷமே வசூல். லைன் வீட்டை மொத்தமாக அளக்காமல் ரூம் ரூமாக அளந்தால் ஒவ்வொன்றும் 600 சதுர அடிக்குள் வந்துவிடும், ஏறிய வரி கால்வாசியாகும். அதற்குப் பதில் ஒரு நிபந்தனை: ரூமுக்கு ஒரு கழிப்பறை, ஜன்னல், வாடகை ரசீது. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட அலுவலகத்துக்கு அலையாமல் சுயசான்றிலேயே அனுமதி என்று அரசு கொண்டுவந்தது. அதை வாடகை ரூம் கட்டுபவருக்கும் நீட்டிக்கச் சொல்லி எழுதுவேன். சாயங்காலத்துக்குள் கவுன்சிலர்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சைட் இருக்கிறது என்பது கணக்கெடுப்பில் வந்திருக்கும். இரண்டாம் நாள் மேயராக இருப்பேனா என்பதுதான் சந்தேகம்.

அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதே 2025 ஆகஸ்டில், அது பெரிசா, நம்ம சொத்து வரி பெரிசா?
— மெர்ச்சன்டைசர், அவிநாசி ரோடு

அது பையர் பில்லில் வந்தது, இது வாடகையில் வருகிறது. இரண்டையும் கடைசியில் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் கட்டுகிறார்.

அடுத்த தேர்தலுக்குள்ள சொத்து வரியைக் குறைப்பாங்களா?
— டீக்கடை, பழைய பஸ் ஸ்டாண்டு

2018-இல் ஏற்றினார்கள். 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரி 19-இல் நாம் ஓட்டுப் போட்டோம், ஏப்ரல் 1-இல் மறுபடி ஏறியது. ஓட்டுக்கு முன் கட்டாதீர்கள், ஓட்டுக்குப் பின் தாமதிக்காதீர்கள். 5 சதவீதத் தள்ளுபடி அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குத்தான்.